நாடாளுமன்றக் கேள்வி–பதில் சேவை: சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டத்திலிருந்து ஒரு மதிப்புரை

2024-ஆம் ஆண்டு நவம்பர் கடைசியில், ஏற்காட்டை அடுத்த நாகலூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் களத்துக்கு வழக்கமாக வரும் வணிகர் ஒருவர், காயப் போட்டிருந்த பார்ச்மென்ட் காப்பியை (பழத்தோல் நீக்கி, உள்தோலோடு இருக்கும் கொட்டையை) ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, "ஐரோப்பாவுல புதுச் சட்டம் வந்துடுச்சுங்கண்ணா, தோட்டம் எங்க இருக்குன்னு சேட்டிலைட் கணக்குல பதிவு இல்லாத காப்பியை ஜனவரிக்கு மேல யாரும் தொடமாட்டாங்க" என்று சொல்லி, கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்துக் கேட்டார். அவர் சொன்னதில் எது உண்மை, எது பேரத்துக்காகச் சேர்த்தது என்று பிரித்துப் பார்க்க அன்றைக்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டேன். அன்று மாலை, சேலத்தில் சட்டம் படிக்கும் என் அக்கா மகன் தொலைபேசியில், "மாமா, இதையெல்லாம் எம்.பி.க்கள் ஏற்கெனவே அரசாங்கத்திடம் கேட்டிருப்பார்கள், பதிலும் எழுத்தில் இருக்கும், தேடிப் பார்ப்போம்" என்றான். தேடினோம், இருந்தது. அப்போது தொடங்கிய பழக்கம் இன்று வரை தொடர்வதால், நாடாளுமன்றக் கேள்வி–பதில்களைப் பொதுமக்களுக்குத் தரும் இந்தச் சேவையைப் பற்றி, ஒரு சிறு விவசாயியின் பயன்பாட்டை மட்டும் அளவுகோலாக வைத்து எழுதுகிறேன். ஐந்துக்கு நான்கு தருகிறேன். குறைத்த ஒன்றுக்கான காரணத்தைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

மக்களவைக்கும் மாநிலங்களவைக்கும் பொதுவான சன்சத் இணையதளத்தில், உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளும் அமைச்சர்கள் தந்த பதில்களும் அமைச்சகம், உறுப்பினர் பெயர், தேதி ஆகியவற்றின் வழியே தேடும்படி வைக்கப்பட்டிருக்கின்றன. கட்டணம் கிடையாது. வெளியுறவு அமைச்சகம் தனக்கு வந்த கேள்விகளையும் பதில்களையும் தன்னுடைய தளத்திலும் தனிப் பகுதியாக வெளியிடுகிறது. அவை கூடும் நாளில் மக்களவையில் நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, குறியிடாதவை 230 வரை பட்டியலில் இடம்பெறுகின்றன. மாநிலங்களவையில் அவை முறையே 15, 160. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்வார், துணைக் கேள்விகளும் கேட்கலாம். தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது அதைத்தான். குறியிடாத கேள்விக்கு எழுத்தில் மட்டுமே பதில் வரும். நம்மைப் போன்றவர்களுக்குத் தேவையான தேதி, அளவு, விதி, துறை ஆகியவை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையில்தான் கிடைக்கின்றன. பச்சைத் தாளில் அச்சாகும் நட்சத்திரப் பட்டியலுக்கு இருக்கும் கவனம் வெள்ளைத் தாளில் அச்சாகும் மற்றப் பட்டியலுக்குக் கிடைப்பதில்லை என்பது எனக்கு வருத்தமே, ஏனென்றால் எங்கள் களத்துக்கு உதவியது அந்த வெள்ளைத் தாள்.

ஒரு பதில் எப்படி இருக்கும் என்று பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தாளின் தலைப்பில் அமைச்சகத்தின் பெயர், துறை, கேள்வி எண், பதிலளிக்கும் நாள் ஆகியவை இருக்கும். அதன் கீழே கேள்வியின் தலைப்பு, கேட்ட உறுப்பினரின் பெயர், பிறகு கேள்வி. கேள்வி எப்போதும் உறுப்புகளாகப் பிரிந்திருக்கும்: இப்படி ஒன்று நடப்பதை அரசு அறியுமா, ஆம் எனில் விவரம் என்ன, அதனால் விவசாயிகளுக்கும் ஏற்றுமதியாளர்களுக்கும் என்ன பாதிப்பு, அரசு எடுத்த நடவடிக்கைகள் என்ன என்ற வரிசை ஏறக்குறைய எல்லாக் கேள்விகளிலும் மாறாது. பதில் பல வேளைகளில் "(அ) முதல் (ஈ) வரை" என்று நான்கையும் சேர்த்து ஒரே பத்தியாக வரும். அங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். நான் தாளை அச்செடுத்து, பதிலின் ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் அது கேள்வியின் எந்த உறுப்புக்கு விடை என்று பென்சிலால் குறித்துக்கொண்டு வருவேன். கடைசியில் எந்த எழுத்து ஓரத்தில் ஒரு முறைகூட வரவில்லையோ, அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்று பொருள். பாதிப்பு எவ்வளவு என்று கேட்ட உறுப்புதான் அப்படி விடுபடுவதை அதிகமாகக் கண்டிருக்கிறேன்.

வணிகர் சொன்ன சட்டம் உண்மையானதுதான். காடழிப்பின் மூலம் உற்பத்தியான பொருள்களைத் தன் சந்தையில் அனுமதிக்காமல் இருக்க ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறை அது, எண் 2023/1115. கால்நடை, கோகோ, காப்பி, எண்ணெய்ப் பனை, ரப்பர், சோயா, மரம் ஆகிய ஏழும் அவற்றிலிருந்து செய்யப்படும் பல பொருள்களும் அதில் அடங்கும். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்து உருவாக்கிய நிலத்தில் விளைந்ததாக அந்தப் பொருள் இருக்கக் கூடாது, விளைந்த நாட்டின் சட்டத்துக்கு உட்பட்டு விளைந்திருக்கவும் வேண்டும். நிலம் நான்கு ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ பத்து ஏக்கருக்கு, மேல் இருந்தால் அதன் எல்லையைச் சுற்றிலும் புள்ளிகளாகக் காட்ட வேண்டும். அதற்குக் குறைந்த நிலத்துக்கு அட்சரேகை, தீர்க்கரேகை காட்டும் ஒற்றைப் புள்ளி போதும். எங்களுடையது மூன்றரை ஏக்கர். ஆக, எனக்குத் தேவைப்பட்டது தசமப் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம் கொண்ட இரண்டு எண்கள் மட்டுமே. கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தின் நடுவே, சில்வர் ஓக் மரத்தின் மேல் மிளகுக் கொடி ஏறியிருக்கும் இடத்தில் நின்று அவற்றைக் குறித்துக்கொண்டேன். ஆறாவது தசம இலக்கம் என்பது நிலத்தில் அரைச் சாண் தூரம். கைப்பேசிக்கு அவ்வளவு துல்லியம் கிடையாது என்றாலும், ஐரோப்பாவின் சட்டம் ஒன்று நம் மலையில் அரைச் சாண் வரை வந்து நிற்கிறது என்பதை அன்று உணர்ந்தேன்.

இன்னொரு பயமும் அப்போது தோட்டக்காரர்களிடையே இருந்தது. நாம் வெயிலில் காப்பி வளர்ப்பதில்லை. மரத்தின் நிழலில் வளர்க்கிறோம். வானத்திலிருந்து எடுத்த படத்தில் எங்கள் தோட்டம் காடாகத்தான் தெரியும். நிழலைச் சரிப்படுத்த நான்கு கிளைகளை வெட்டினால்கூடக் காட்டை அழித்ததாகச் சொல்லிவிடுவார்களோ என்று பெரியவர்கள் கேட்டார்கள். பதில்களில் தொடங்கி, அவை சுட்டிய சட்டத்தின் மூலத்தையும் தேடிப் படித்ததில், மர நிழலில் பயிர் செய்யும் வேளாண் காட்டு முறை அந்தச் சட்டத்தின் பார்வையில் விவசாய நிலமே, அது காடு என்ற வரையறைக்குள் வராது என்று தெரிந்தது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். இருநூறு ஆண்டுகளாக நிழலில் விளையும் இந்தப் பயிருக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது மலையில் இருப்பவர்களுக்குப் புரியும். ஆனால் சட்டத்துக்கு உட்பட்டு விளைந்தது என்று காட்டும் பகுதி, பட்டா முறையாக இல்லாத, இந்த மலையில் வாழும் மலையாளி என்ற பழங்குடிக் குடும்பங்களுக்குச் சிக்கலானது. அவர்கள் தலைமுறைகளாக அனுபவித்துவரும் நிலத்துக்கு எந்தத் தாளைக் காட்டுவது என்ற கேள்விக்கு, நான் பார்த்த பதில்கள் எதிலும் தெளிவான விடை இல்லை.

ஜனவரிக் கெடுவைப் பற்றி வணிகர் சொன்னதும் பாதிதான் சரி. தொடக்கத்தில் பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2024 டிசம்பர் 30 என்றுதான் இருந்தது. அந்த டிசம்பரிலேயே அதை ஓராண்டு தள்ளிவைத்தார்கள். 2025 டிசம்பரில் மறுபடியும் தள்ளி, 2026 டிசம்பர் 30 என்றும், சிறு நிறுவனங்களுக்கு 2027 ஜூன் 30 என்றும் மாற்றினார்கள். இடையில் 2025 மே மாதத்தில் நாடுகளை வகைப்படுத்தியபோது இந்தியா குறைந்த அபாயம் உள்ள நாடுகளின் பட்டியலில் வந்தது. இந்த மாற்றங்களால் இந்தச் சேவையைப் பயன்படுத்தும் முறையைப் பற்றி ஒன்றைக் கற்றுக்கொண்டேன். நாடாளுமன்றப் பதில் அது தரப்பட்ட நாளில் மட்டுமே உண்மை. பிறகு நிலைமை மாறினாலும் பழைய பதிலின் மேல் யாரும் வந்து திருத்தம் ஒட்டமாட்டார்கள். எனவே, ஒரே விஷயத்தைப் பற்றிய பதில்களைத் தேதி வாரியாக அடுக்கி, கடைசியானதிலிருந்து பின்னோக்கிப் படிக்க வேண்டும். நான் அந்த வணிகரிடம் கெடு தள்ளிப்போவதைச் சொன்னேன். அவரும் பிடிவாதம் பிடிக்காமல் ஐந்து ரூபாய் ஏற்றிக் கொடுத்தார். மீதி ஐந்துக்கு என்னால் வாதாட முடியவில்லை.

ஐரோப்பா தொடர்பான கேள்வி என்றால் வெளியுறவு அமைச்சகத்தில் தேடினால் கிடைத்துவிடும் என்று நினைப்பவர்கள் பாதி வழியில் நின்றுவிடுவார்கள். உச்சி மாநாடு, கூட்டறிக்கை, 2004 முதல் இருக்கும் இந்திய–ஐரோப்பிய ஒன்றிய உத்திசார் கூட்டாண்மை, விசா, அங்கே வேலைக்கும் படிப்புக்கும் போன நம் பிள்ளைகளின் நலன் ஆகியவை அந்த அமைச்சகத்தின் பதில்களில் வரும். சுங்கம், ஒப்பந்தம், காப்பி ஆகியவை வணிகம் மற்றும் தொழில் அமைச்சகத்துக்குப் போகும். காப்பி வாரியம் அதன் கீழ்தான் இருக்கிறது. இப்போதைய ஏற்பாட்டில் வெளியுறவுக் கேள்விகளுக்கு மாநிலங்களவையில் வியாழக்கிழமையும் மக்களவையில் வெள்ளிக்கிழமையும் முறை வருகிறது. வணிக அமைச்சகத்துக்கு மக்களவையில் செவ்வாய், மாநிலங்களவையில் வெள்ளி. சேலத்தில் போல்ட், நட் செய்யும் பட்டறை வைத்திருக்கும் என் மைத்துனருக்குக் கார்பன் எல்லை வரி (பொருளைத் தயாரிக்கையில் வெளியாகும் கார்பனுக்காக இறக்குமதியின் மேல் ஐரோப்பிய ஒன்றியம் விதிப்பது) பற்றித் தேடிக் கொடுத்தபோது, வணிகம், எஃகு, சுற்றுச்சூழல் என மூன்று அமைச்சகங்களின் பதில்களைச் சேர்த்துப் படிக்க வேண்டியிருந்தது. 2023 அக்டோபரில் விவரம் தெரிவிக்கும் கட்டமாகத் தொடங்கிய அந்த ஏற்பாடு, 2026 ஜனவரி 1 முதல் இறக்குமதியாகும் சரக்குக்குப் பணம் கட்ட வேண்டிய கட்டத்துக்கு வந்துவிட்டது. இரும்பு, எஃகோடு அவர் செய்யும் போல்ட்டும் அதில் இருக்கிறது. உருக்காலை உள்ள ஊரில் இதைப் பற்றித் தெரு முனையில்கூடப் பேச்சு எழாதது எனக்கு வியப்பாக இருக்கிறது.

பல ஆண்டுப் பதில்களைத் தொடர்ச்சியாகப் படிக்கக் கிடைப்பதுதான் இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது. ஐரோப்பிய ஒன்றியத்துடனான தடையற்ற வர்த்தக ஒப்பந்தப் பேச்சு 2007-இல் தொடங்கி, 2013-இல் நின்று, 2022 ஜூனில் மீண்டும் தொடங்கி, 2026 ஜனவரி 27 அன்று முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. இத்தனை ஆண்டுகளிலும் உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். பேச்சுவார்த்தை நடக்கும்போது அரசு தன் கையில் இருப்பதைக் காட்டாது என்பதால் பதில்கள் அளந்து பேசும். "பேசப்பட்டு வருகிறது", "இரு தரப்பும் ஏற்கத்தக்க" போன்ற சொற்களைத் தாண்டி அதிகம் கிடைக்காது. ஆனாலும் ஒரு கூட்டத்தொடரில் பட்டியலிட்ட பொருள்களில் ஒன்று அடுத்த தொடரில் விடுபட்டாலோ, "முயற்சி" என்று இருந்தது "ஒப்புதல்" என்று மாறினாலோ, அங்கே ஏதோ நகர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். காப்பிப் பழத்தின் நிறத்தை நாள்தோறும் பார்ப்பவனுக்கு எது பறிக்கும் பக்குவம் என்று தெரிவதைப் போலத்தான் இதுவும், தொடர்ந்து பார்த்தால்தான் பிடிபடும். இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகிய நான்கு நாடுகளுடன் 2024 மார்ச் 10 அன்று கையெழுத்தாகி 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் ஒப்பந்தம் வேறு. அவை ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்தவை அல்ல. இரண்டையும் ஒன்றாக எண்ணிச் சரக்குக்கு விலை சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பதிலில் "தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்" என்றோ "பரிசீலனையில் உள்ளது" என்றோ இருந்தால், ஏமாற்றிவிட்டார்கள் என்று தாளை மடித்துவிடக் கூடாது. அப்படிப்பட்ட வாசகங்களை உறுதிமொழி என்று எடுத்துக்கொள்ள அவையில் வழிமுறை இருக்கிறது. அவற்றைத் தொடர்ந்து கண்காணிக்க அரசு உறுதிமொழிகள் குழு என்று தனிக் குழுவே உண்டு, நிறைவேற்ற மூன்று மாதக் கெடுவும் உண்டு. கெடு நீட்டிக்கப்படுவதும் வழக்கமே என்றாலும், அந்த வாக்கியம் காற்றோடு போய்விடுவதில்லை.

கேள்வி கேட்பதற்கும் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. மக்களவையில் பொதுவாக 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும். கருத்துக் கேட்கக் கூடாது. நட்பு நாட்டைப் பற்றி மரியாதைக் குறைவாக எதுவும் இருக்கக் கூடாது. குறைந்தது பதினைந்து நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். அதற்குப் பிறகும் குலுக்கலில் இடம் கிடைக்க வேண்டும். வெளிநாட்டு விவகாரத்தில் இந்தக் கட்டுப்பாடுகள் நல்லவை என்றே நான் நினைக்கிறேன். சட்டத்தைக் கொண்டுவந்தவர்களைத் திட்டுவதற்கு அல்ல, நம் அரசு என்ன செய்கிறது என்று கேட்பதற்குத்தான் அந்த 150 சொற்கள் என்பதை இவை நினைவூட்டுகின்றன.

இனி அந்தக் குறைக்கப்பட்ட ஒரு மதிப்பெண்ணைப் பற்றி. பதில்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளியாகின்றன. அவைக்குள் உறுப்பினர் தமிழில் பேசலாம், அதை உடனுக்குடன் மொழிபெயர்க்கும் ஏற்பாடும் இருக்கிறது. ஆனால் அதே உறுப்பினர் ஏற்காட்டுக் காப்பிக்காரருக்காகப் பெற்றுத் தந்த எழுத்துப் பதில் ஏற்காட்டுக் காப்பிக்காரரின் மொழியில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 24 ஆட்சிமொழிகள். அங்கே ஒரு குடிமகன் அவற்றில் எதில் எழுதினாலும் ஒன்றியத்தின் அமைப்புகளிடமிருந்து அதே மொழியில் பதில் பெறும் உரிமை அவர்களுடைய அடிப்படை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. நம் காப்பியை வாங்கும் நாட்டின் குடிமகனுக்கு இருக்கும் வசதி காப்பியை விளைவிக்கும் நமக்கு ஏன் இருக்கக் கூடாது என்று கேட்பதில் தவறில்லை. என் அக்கா மகன் இல்லாவிட்டால் எனக்கு இந்தச் சேவை பாதிப் பயன்கூடத் தந்திருக்காது. எனக்காவது ஓரளவு ஆங்கிலம் வரும். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் என்னைவிட நன்றாகக் காப்பி வளர்ப்பவர், தன் பயிரின் தலைவிதியைப் பற்றி அரசு எழுதிய பத்தியை இன்னொருவர் வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்.

இந்தக் கேள்வி கேட்கும் உரிமை எப்படி வந்தது என்று தேடியபோது சேலத்துக்காரர் ஒருவரின் பெயர் நினைவுக்கு வந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் வந்த 1892-ஆம் ஆண்டு இந்தியக் கவுன்சில்கள் சட்டத்தின் மூலம்தான் சட்ட மன்றங்களில் உறுப்பினர்கள் அரசிடம் கேள்வி கேட்க முதன்முதலில் வழி பிறந்தது. துணைக் கேள்வி கேட்கும் உரிமை 1909-க்குப் பிறகே கிடைத்தது. அந்த முதல் கட்டத்தில், 1895-இல், சென்னை மாகாண சட்ட மன்றத்துக்குள் நுழைந்தவர் சேலம் விஜயராகவாச்சாரியார். பிற்பாடு 1920-இல் நாகபுரிக் காங்கிரசுக்குத் தலைமை வகித்தவர். ஒரு முறை கேட்டுவிட்டு, கிடைத்த பதிலோடு உட்கார்ந்துவிட வேண்டிய அவையில் ஆறு ஆண்டுகள் இருந்த அவரை நினைத்துக்கொண்டால், இன்று இருப்பதை வீணாக்க மனம் வரவில்லை.

பயன்படுத்த நினைக்கும் மலைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி சேலம் மாவட்டத்தில் இருந்தாலும் கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தது. எனவே, நம் எம்.பி. யார் என்று தேடும்போது சேலத்தைப் பார்க்காதீர்கள். போன மாதம் நானும் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரும் சேர்ந்து எங்கள் உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதினோம். முதல் பிரதியில் பெரியவர் தன் கோபத்தையெல்லாம் சொல்லி எழுதச் சொன்னார். எழுதி, எண்ணிப் பார்த்து, பாதிக்கு மேல் அடித்தோம். மிஞ்சியது இது: காடழிப்பு தொடர்பான ஐரோப்பிய ஒன்றிய ஒழுங்குமுறையின் கீழ், நான்கு ஹெக்டேருக்குக் குறைவாக நிலம் வைத்திருக்கும் காப்பி விவசாயிகளின் நில இருப்பிடப் பதிவு சேர்வராயன் மலையில் எந்த அளவுக்கு முடிந்திருக்கிறது, அந்தப் பதிவுக்கான செலவை ஏற்பவர் யார், பட்டா இல்லாத பழங்குடி விவசாயிகள் தங்கள் விளைச்சல் சட்டத்துக்கு உட்பட்டது என்று காட்ட எந்த ஆவணம் ஏற்கப்படும், இதைப் பற்றி ஐரோப்பிய ஒன்றியத்துடன் அரசு பேசியிருக்கிறதா, ஆம் எனில் விவரம் என்ன. வணிக அமைச்சகத்தின் பெயரை மேலே எழுதி, ஏற்காடு தபால் நிலையத்தில் விரைவுத் தபாலாகச் சேர்த்தோம். பதில் வரும் நாளில் அதைத் தமிழில் எழுதி, காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் இயந்திரம் வைத்திருக்கும் கொட்டகையின் கதவில் ஒட்டுவதாகப் பெரியவரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் இப்போதே அந்தக் கதவைத் துடைத்து வைத்திருக்கிறார்.